கேமராவுக்கு ஒற்றைக் கண்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ, மீனா, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று மீனா சொன்னாள். சின்னவனுக்குக் காதை மூடி அனுப்பச் சொல்.

அக்கா வீட்டுக்குச் சென்னை போனபோது பார்த்த செல்ஃபி மியூசியம் எப்படி இருந்தது, டிசம்பரில் வரும்போது நம் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். நிதானமாகப் படி.

கூட்டிப் போகலாம். ஆனால் ஒரு காலைப் பொழுதுக்கு மேல் அதற்கு ஒதுக்காதே. பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டும் போகாதே. அங்கே பார்ப்பதற்கு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் படம் எடுப்பதற்குத்தான். நம் ஸ்டுடியோவைப் பத்து அறைகளாக்கி, ஏ.சி. போட்டு, பாட்டு வைத்து, டிக்கெட் விற்றால் எப்படியோ அப்படித்தான். டவுன் கடையில் அப்பா வைத்திருந்த பின்னணித் திரை உனக்கு நினைவிருக்கும். படிக்கட்டு, தூண், பின்னால் ஒரு பூந்தோட்டம். மழையில் நனைந்து ஒரு மூலையில் தோட்டமே ஒழுகிப் போயிருந்ததே, அதுதான். ப்ளைவுட் ஏரோப்ளேனில் உன்னை உட்காரவைத்து எடுத்த படம் இன்னும் அலமாரிக்குள் இருக்கிறது. நேரில் பார்த்தால் அந்த ஏரோப்ளேன் சிரிப்பாக இருக்கும். படத்தில் பார்த்தால் நீ நிஜமாகவே பறக்கிற மாதிரிதான் இருப்பாய்.

ஏன் அப்படி என்று அந்தக் காலத்தில் நான் கேட்டதற்கு அப்பா சொன்னது, "நமக்கு ரெண்டு கண்ணு, கேமராவுக்கு ஒத்தக் கண்ணு." வலது கண் பார்ப்பதும் இடது கண் பார்ப்பதும் கொஞ்சம் வேறுபடுவதால் எது கிட்டே, எது தூரம் என்று நமக்கு நன்றாகத் தெரிகிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அதில் மனுஷனும் தட்டை, திரையும் தட்டை. அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த மியூசியம் முழுக்க இந்த ஒரே சூட்சுமத்தில்தான் ஓடுகிறது. இது தெரிந்துவிட்டால் உள்ளே ஏமாற்றம் வராது. தெரியாமல் போகிறவர்கள்தான் "இதுக்கா இவ்வளவு காசு" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

சென்னையில் இப்போது இந்த மாதிரி இடங்கள் நிறைய வந்துவிட்டன. ஈசிஆரில் விஜிபி வளாகத்தில் ஓவியர் ஏ.பி. ஸ்ரீதர் 2016-ல் தொடங்கிய கிளிக் ஆர்ட் மியூசியம்தான் இதற்கெல்லாம் முன்னோடி என்று மாப்பிள்ளை சொன்னார். அதே 2016-ல்தான் உங்கள் பக்கத்து நியூயார்க்கில் ஐஸ்கிரீம் மியூசியமும் தொடங்கியதாம். ஐஸ்கிரீமுக்கு எதற்கு மியூசியம் என்று அப்பா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா, மாப்பிள்ளை, அவர்கள் பிள்ளைகள் அகிலன், யாழினியோடு நாங்கள் போனது ஒரு மாலுக்குள் இருக்கும் வேறொரு இடம். ஞாயிற்றுக்கிழமை போகாதே, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவரில் வரைந்திருக்கும் இறக்கைகளுக்கு முன்னால் நிற்க ரேஷன் கடை மாதிரி வரிசை. முறை வந்து நின்றதும் "அடுத்தவங்க வெயிட் பண்றாங்க மேடம்" என்று அங்கிருந்த பையன் விரட்டுகிறான். வெளியே வரும்போது நம்மைக் கேட்காமலேயே எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு நீட்டி, அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். நான் வாங்கவில்லை. அக்கா வாங்கினாள். அதில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்.

முதலில் அப்பா உள்ளே வரவே மாட்டேன் என்றார். டிக்கெட் கவுன்டர் பக்கத்து சோபாவில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்று அடம். அவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியாயிற்று என்று தெரிந்ததும்தான் எழுந்தார். காசு வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. உள்ளே முதல் அறையில் சுவரில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் குறுக்கே அறுந்து தொங்கும் பலகைப் பாலம். சுவரில் தொடங்கிய பாலம் தரையிலும் நீள்கிறது. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு பலகை ஆள் நீளத்துக்கு இழுபட்டுக் கிடக்கிறது, கயிறு பாம்பு போல நெளிகிறது, ஒன்றும் புரியவில்லை. தரையில் ஓரிடத்தில் இரண்டு பாதம் வரைந்து கேமரா படம் போட்டிருக்கிறார்கள். அங்கே போய் நின்று போனைப் பிடித்தால் எல்லாம் சட்டென்று கூடிவருகிறது. பலகை பலகையாகிறது, பள்ளம் பள்ளமாகிறது. பாதத்தை விட்டு ஓரடி தள்ளிப் போனால் மறுபடி குழம்பிவிடுகிறது.

மாப்பிள்ளை அந்தப் பாதத்தைக் கவனிக்காமல் எங்கேயோ நின்று எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா பார்த்தார். பொறுத்துப் பார்த்தார். அப்புறம் முடியவில்லை. "கொடுங்க மாப்ளே" என்று போனை வாங்கிக்கொண்டவர்தான், கடைசி அறை வரைக்கும் திருப்பித் தரவில்லை. குனிகிறார், மண்டி போடுகிறார், முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. "அகிலா, வலது காலைக் கொஞ்சம் முன்னால வை. பலகையோட ஓரத்தை உன் பாதம் மறைக்கணும். பயப்படு. இன்னும் பயப்படு." கடையில் கல்யாண ஜோடிகளை அதட்டிய அதே குரல். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, எங்களுக்கும் ஒண்ணு" என்று போனை நீட்டினார்கள். அப்புறம் நாங்கள் ஒரு கூட்டமாகத்தான் அறை அறையாகப் போனோம்.

அங்கே அவர் கண்டுபிடித்த ஒன்றை நீயும் கவனித்துப் பார். ஓவியத்தில் இருக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் நிழல் இடது பக்கம் விழுகிறது. தலைக்கு மேலே விளக்கு வேறு இடத்தில் இருப்பதால் நம் நிழல் வலது பக்கம் விழுகிறது. படம் பொய் என்று காட்டிக்கொடுப்பது அதுதான் என்றார். யாழினியை இரண்டடி நகர்த்தி, அவள் நிழல் பாறைக்குப் பின்னால் போகும்படி நிறுத்தி எடுத்தார். ஃப்ளாஷ் போடவே விடவில்லை. போட்டால் சுவரில் பெயின்ட் பளபளத்து, சுவர் சுவராகவே தெரிந்துவிடுமாம். போனில் அந்த அகலமாகக் காட்டும் லென்ஸையும் தொடக் கூடாது, ஓரமெல்லாம் வளைந்துவிடும் என்றார். மீனாவிடம் சொல்லிவை, அவள் எப்போதும் அதில்தான் எடுக்கிறாள். எடுப்பதற்கு முன்னால் லென்ஸை ஒருமுறை துடைக்கவும் சொல்.

எனக்குப் பிடித்தது கோணல் அறைதான். ஒரு மூலையில் யாழினி நின்றாள், மறு மூலையில் அக்கா. வெளியே ஒரு துளை வழியாகப் பார்த்தால் யாழினியின் தலை கூரையை முட்டுகிறது, அக்கா அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. இருவரும் இடம் மாறினால், நடக்க நடக்க ஒருத்தி வளர்கிறாள், ஒருத்தி சுருங்குகிறாள். அடெல்பர்ட் ஏம்ஸ் என்கிற அமெரிக்கர் அமைத்துக் காட்டிய அறை இது. இப்போதும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள் என்று அகிலன் போனில் தேடிச் சொன்னான். நான் உள்ளே போய்த் தடவிப் பார்த்தேன். தரை சரிவு. ஒரு மூலை மற்றதைவிட ரொம்பத் தள்ளி இருக்கிறது. ஜன்னல் சதுரமே இல்லை, ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை. துளையில் ஒரு கண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும் என்பதால் அறை சதுரம் என்று நம்பிவிடுகிறோம். மறுபடியும் அப்பா சொன்ன ஒற்றைக் கண்தான்.

தலைகீழ் அறை என்று ஒன்று. கட்டில், மேஜை, டீ கப் எல்லாம் கூரையில் ஆணி அடித்து ஒட்டியிருக்கிறார்கள். நாம் தரையில் நின்று கையை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நாம் கையை ஊன்றித் தலைகீழாக நிற்பது போலத் தெரியும். என்னையும் நிற்கவைத்துவிட்டார்கள். படத்தைத் திருப்பிப் பார்த்த அகிலன், "பாட்டி தலைகீழா நின்னாலும் புடவை கொஞ்சங்கூட நழுவலையே!" என்றான். முந்தானையும் என் பின்னலும் கால் இருக்கும் பக்கமாக, அதாவது வானத்தைப் பார்த்து நிற்கின்றன! அந்தப் படத்தை அக்கா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள். உன் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, எனக்கு யோகா சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கிறாள்.

கண்ணாடி அறையும் உண்டு. நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் குட்டி குட்டி விளக்குகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாமே நாமாகப் போய்க்கொண்டே இருக்கிறோம். யாயோய் குசாமா என்ற ஜப்பானியப் பெண்மணி 1965-லேயே இப்படி ஒரு கண்ணாடி அறை செய்து காட்டியிருக்கிறார். இப்போது செல்ஃபி மியூசியம் என்றால் இது இல்லாமல் இருக்காது போல. அங்கே நான் கவனித்தது வேறு. முதல் பிம்பத்தில் என் புடவை சரியான அரக்கு நிறம். உள்ளே போகப் போக பச்சை ஏறுகிறது, ஏழெட்டாவது சரவணன் அம்மா பாசி பிடித்தவள் போல இருக்கிறாள். கண்ணாடியிலேயே கொஞ்சம் பச்சை இருக்கிறது, ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அது கூடுகிறது என்று அப்பா சொன்னார். பழைய நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து பழகிய கண்ணல்லவா எனக்கு, இதெல்லாம்தான் முதலில் படுகிறது.

உண்மையைச் சொன்னால், இதற்கெல்லாம் அங்கே இருந்த பிள்ளைகள் அவ்வளவாக மயங்கவில்லை. முதல் நாலு அறை வரைக்கும் சொன்ன இடத்தில் நின்றார்கள். அப்புறம் யாழினி "எத்தனை தடவை சிரிக்கிறது" என்று கேட்டுவிட்டாள். பிளாஸ்டிக் பந்துக் குளத்துக்கு வந்ததும் இரண்டும் குதித்ததுதான், கூப்பிட்டால் ஏறவில்லை. பந்துக்கடியில் போன் போய்விடும், சட்டைப்பையில் வைக்காதீர்கள் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே யாரும் படமும் எடுக்கவில்லை. காலுறை போட்டால்தான் இறங்க விடுகிறார்கள். கொண்டுபோகாவிட்டால் அங்கேயே வாங்க வேண்டும், வெளியே விற்பதைவிட விலை கூட. அதனால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளச் சொல். டிக்கெட் தலைக்குச் சில நூறு ரூபாய். குழந்தைகளுக்குப் பெரிதாகக் குறைப்பதில்லை. நாலு பேர் என்றால் கொஞ்சம் கனக்கும். வார நாளில், கடை திறந்ததும் போய்விட்டால் நிம்மதியாக நின்று எடுக்கலாம்.

நான் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நீ மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கேட்டுவிட்டு மாற்று. சென்னையில் இறங்கி அலுப்புத் தீர்ந்ததும் ஒரு காலையில் இந்த மியூசியம். மறுநாள் மாமல்லபுரம். வெண்ணெய் உருண்டைக் கல்லைக் கையால் தாங்குவது போல நின்று படம் எடுக்காதவர்கள் நம் குடும்பத்தில் யாருமில்லை. உன் பிள்ளைகள் மட்டும்தான் பாக்கி. இருபதடி உயரம், 250 டன் எடை என்கிறார்கள். சரிவுப் பாறையில் அது நிற்கும் லட்சணத்தைப் பார்த்தால் இப்போது உருளுமோ, அப்புறம் உருளுமோ என்று இருக்கும். 1908-ல் கவர்னராக இருந்த ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுத்து நகர்த்தப் பார்த்தும் அசையவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும்கூட அதன் முன்னால்தான் கையைக் கோத்துத் தூக்கி நின்றார்கள். அங்கே தரையில் பாதம் வரைந்து வைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் சரியாக ஒரே இடத்தில்தான் நின்று எடுக்கிறார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அப்புறம் கும்பகோணம் வந்ததும் தாராசுரம். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே நாம் சரியாகப் பார்க்காத கோயில் அது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இரண்டாம் ராஜராஜ சோழன் காலத்துக் கோயில், 12-ஆம் நூற்றாண்டு. இதற்கு ஒற்றைக் கண் வேண்டாம், துளை வேண்டாம், போன் வேண்டாம். கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும், இரண்டு கண்ணாலும் பார்த்தாலும் ஏமாறத்தான் செய்கிறோம். மாலில் பார்த்துவிட்டு உடனே இதைப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும். அதனால்தான் இந்த வரிசையில் போகலாம் என்கிறேன். மியூசியத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே, கிளம்புகிற அவசரத்தில் எல்லோரும் எரிச்சலில் இருப்பீர்கள்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். அக்கா லீவு சொல்ல வேண்டும், மாப்பிள்ளைக்கும் டிசம்பர் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலை இருக்கிறதாம். மீனாவுக்கு மல்லிப்பொடி, சாம்பார்பொடி இரண்டும் அரைத்து வைக்கிறேன், பெட்டியில் இடம் விட்டு வரச் சொல். அப்பா ஒரு டிரைபாட் கேட்கிறார். போனுக்கு வைப்பது, மடக்கினால் கைப்பைக்குள் போக வேண்டுமாம். வாங்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. எந்த மாடல் என்பதுவரை அவரே பார்த்து வைத்திருக்கிறார், நீயாக ஒன்றை வாங்கி வந்தால் கட்டாயம் குறை சொல்வார்.

அன்புடன்,
அம்மா