புள்ளியைக் குறைப்பதென்றால் அந்தந்த சீசனிலேயே குறையுங்கள்: பிரீமியர் லீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் நிர்வாகக் குழுவினருக்கும், அதன் பங்குதாரர்களான 20 கிளப்புகளின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

2025 நவம்பர் 21 அன்று 14க்கு 6 என்ற வாக்கில் பழைய லாப-நிலைத்தன்மை விதியை, கிளப்புகளின் நட்டத்துக்கு வரம்பு வைத்து, மீறினால் புள்ளி குறைக்க வழிசெய்த, எல்லோரும் பி.எஸ்.ஆர். என்று சொல்லும் அந்த விதியை, மாற்ற முடிவெடுத்தீர்கள். 2026-27 சீசன் முதல் அணிச்செலவு விகிதம் என்ற புதிய அளவுகோல் வருகிறது. அந்த மாற்றத்தை நாங்கள் வரவேற்கிறோம். அதே சமயம், பழைய விதியின் வழக்குகளில் அம்பலமான ஒரு கோளாறு புதிய விதிக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. மிகைச்செலவு எந்த சீசனில் பலன் தந்ததோ, அந்த சீசனின் அட்டவணையில்தான் புள்ளி குறைய வேண்டும். கடைசி நான்கு சுற்று ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் மேல்முறையீடும் முடிந்து, அந்த எண் இறுதியாகியிருக்க வேண்டும்.

பழைய விதியின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம். அதாவது ஆண்டுக்கு 3.5 கோடி. அடுத்த கீழ்நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் கழித்த ஆண்டுக்கு 1.3 கோடிதான். மொத்த நட்டம் 1.5 கோடியைத் தாண்டினால், மிச்சத்தை உரிமையாளர் தன் மூலதனத்தால் ஈடுகட்ட வேண்டும். அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணி, மைதானக் கட்டுமானம் ஆகியவற்றுக்கான செலவு கணக்கில் சேராது. 2013-14இல் வைத்த இந்த 10.5 கோடி வரம்பு கடைசிவரை ஒரு பவுண்டுகூட உயர்த்தப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் வீரர்களின் விலையும் சம்பளமும் எங்கே போய் நின்றன என்பது உங்கள் கிளப்புகளின் ஆண்டறிக்கைகளிலேயே இருக்கிறது.

எவர்டனின் முதல் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2021-22இல் முடிந்த கணக்குக் காலத்தில் அந்தக் கிளப் வரம்பைத் தாண்டியது 1.95 கோடி பவுண்டு. 2023 மார்ச்சில் குற்றச்சாட்டு, நவம்பர் 17இல் 10 புள்ளி குறைப்பு, 2024 பிப்ரவரி 26இல் மேல்முறையீட்டில் அது 6 ஆனது. இந்த 6 புள்ளி 2023-24 அட்டவணையில் குறைந்தது. ஆனால் செலவின் பலன் கிடைத்தது 2021-22இல். கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் சாம்பியன்ஷிப்புக்கு இறங்க வேண்டும். அந்த சீசன் முடிவில் எவர்டன் 39 புள்ளி, தரமிறங்கிய பர்ன்லி 35. ஆறைக் கழித்தால் எவர்டன் 33. பர்ன்லி தப்பியிருக்கும், எவர்டன் இறங்கியிருக்கும். தண்டனை வந்து சேர்ந்த சீசனிலோ, மேலே ஏறிவந்த மூன்று அணிகளும் எப்படியும் இறங்கிவிட்டன. எவர்டன் 40 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்தது. விதி மீறியவருக்கு இடம் போகவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு இடம் திரும்பி வரவும் இல்லை.

அடுத்த ஆண்டுக் கதை இன்னும் சிக்கல். 2022-23 வரையான காலத்துக்கு எவர்டன் 1.66 கோடி தாண்டியதாக 2024 ஏப்ரல் 8இல் மேலும் 2 புள்ளி குறைத்தார்கள். அந்த 2 புள்ளி 2022-23 அட்டவணையிலேயே குறைந்திருந்தால் எவர்டன் 34, அந்த ஆண்டு தரமிறங்கிய லெஸ்டர் சிட்டி 34. கோல் வித்தியாசத்தில் லெஸ்டர் (-17) எவர்டனுக்கு (-23) மேலே நின்றிருக்கும். அதே லெஸ்டரும் அதே காலத்தில் 2.44 கோடி தாண்டியிருந்தது! 2023 ஜூன் 30இல் கணக்குக் காலம் முடிந்தபோது லெஸ்டர் உங்கள் லீகின் உறுப்பினராகவே இல்லை, ஆகவே நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டுக் குழு சொல்லிவிட்டது. தரமிறங்கியதே ஒரு கிளப்புக்குக் கேடயமாகிப்போனது. கணக்கு முடியும் தேதியும் உறுப்பினர் பொறுப்பு முடியும் தேதியும் வேறு வேறாக இருந்ததன் விளைவு இது.

தாமதம் மீறியவரைக் காப்பாற்றும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், மிதமிஞ்சியும் தண்டிக்கும். சாம்பியன்ஷிப்பில் நட்ட வரம்பை மீறியதற்காக ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு 2020 ஜூலை 31 அன்று 12 புள்ளி குறைப்பு அறிவிக்கப்பட்டது. 2019-20 சீசன் அப்போதுதான் முடிந்திருந்தது. அதனால் தண்டனை 2020-21க்குத் தள்ளப்பட்டது. நவம்பரில் மேல்முறையீட்டில் 12 என்பது 6 ஆனது. 2019-20இல் அந்த அணி எடுத்தது 56; தரமிறங்கிய சார்ல்டன் 48. ஆறைக் கழித்திருந்தாலும் வெட்னஸ்டே 50 புள்ளிகளோடு தப்பியிருக்கும். 2020-21இல் களத்தில் எடுத்தது 47; ஆறு போக 41; கடைசி இடம், தரமிறக்கம். 44 எடுத்த டெர்பி தப்பியது. அதே கிளப், அதே தவறு, அதே 6 புள்ளி. எந்த சீசனில் போட்டார்கள் என்பதுதான் அந்த ஊர் அணி எந்த டிவிஷனில் ஆடும் என்பதைத் தீர்மானித்தது. இதை நீதி என்று யாரிடம் சொல்ல முடியும்?

இனி அளவுக்கு வருவோம். எவர்டனின் முதல் வழக்கிலேயே, அடிப்படை 6 புள்ளி, தாண்டிய ஒவ்வொரு 50 லட்சம் பவுண்டுக்கும் கூடுதலாக 1 என்ற வாய்பாட்டை லீக் முன்வைத்தது. விசாரணைக் குழு அதற்குக் கட்டுப்பட மறுத்தது. விதிப்புத்தகத்தில் இல்லாத வாய்பாட்டை வழக்கு நடக்கும்போது கொண்டுவந்தால் வேறென்ன நடக்கும்? விளைவு, ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் எண்ணைத் தேடியது. 1.95 கோடி தாண்டிய எவர்டனுக்கு 6. 3.45 கோடி தாண்டிய நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு 4. ஃபாரஸ்டின் வரம்பு 6.1 கோடிதான்; மூன்றில் இரண்டு ஆண்டுகள் அது சாம்பியன்ஷிப்பில் இருந்தது. ஆக வரம்புக்கு மேல் 57 சதவீதம் போயிருந்தது. எவர்டன் போனது 19 சதவீதம். மீறலுக்கு 3, அதன் அளவுக்கு 3, உடனே ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்கு 2 கழிவு என்று ஃபாரஸ்டுக்கு 4 வந்தது. ஒத்துழைப்புக்குக் கழிவு தருவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ரசிகர் ஒருவர் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வழியில் கணக்குப் போட்டாலும் பொருந்தாது.

புதிய விதியில் வாய்பாடு புத்தகத்திலேயே வருகிறது. இது பெரிய முன்னேற்றம். சம்பளம், டிரான்ஸ்ஃபர் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடும் ஆண்டுத் தேய்மானம், ஏஜென்ட் கமிஷன் ஆகியவற்றைக் கூட்டினால் அணிச்செலவு. கால்பந்து வருமானத்தோடு வீரர் விற்பனையின் நிகர லாபத்தைச் சேர்த்த தொகையில் அது 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; இதுதான் பச்சைக் கோடு. அதற்கு மேல், தொடக்கத்தில் 30 சதவீதம் வரை ஒரு சலுகை இருப்பு உண்டு. அதைத் தொட்டால் அபராதத் தொகை மட்டும். இருப்பும் தீர்ந்து, அதன் எல்லையான சிவப்புக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, அதோடு தாண்டிய ஒவ்வொரு 65 லட்சம் பவுண்டுக்கும் 1 புள்ளி. ஒரு கற்பனைக் கிளப்புக்கு வருமானமும் விற்பனை லாபமும் சேர்ந்து 20 கோடி என்று வைத்துக்கொள்வோம். பச்சைக் கோடு 17 கோடி. முழு இருப்பும் கையில் இருந்தால் சிவப்புக் கோடு 23 கோடி. 24.3 கோடி செலவழித்தால் 1.3 கோடி மிகை. 6+2, ஆக 8 புள்ளி. முந்தைய ஆண்டுகளில் 20 சதவீத இருப்பைத் தின்றுவிட்ட கிளப்புக்கோ சிவப்புக் கோடு 19 கோடியிலேயே வந்துவிடும்.

இந்த வாய்பாட்டின் கடுமையை நீங்கள் முழுதாக எடை போட்டீர்களா என்பது எங்கள் சந்தேகம். அளவுகோல் வேறு என்பதை மறக்காமல், மீறிய தொகையை மட்டும் எடுத்துப் பொருத்திப் பார்த்தோம். எவர்டனின் 1.95 கோடிக்கு 9 புள்ளி வருகிறது. ஃபாரஸ்டின் 3.45 கோடிக்கு, முழு மடங்குகளை மட்டும் எண்ணினால் 11. 2023-24இல் ஃபாரஸ்ட் களத்தில் எடுத்தது 36. பதினொன்றைக் கழித்தால் 25. அந்த ஆண்டு 18ஆம் இடத்தில் இறங்கிய லூட்டன் டவுன் எடுத்தது 26. வாய்பாட்டில் ஒரு எண் மாறினால் ஒரு கிளப்பின் அடுத்த பத்தாண்டு மாறுகிறது. இப்படிப்பட்ட எண்ணைப் பழைய 10.5 கோடி போல அப்படியே விட்டுவைக்காதீர்கள். 65 லட்சம் என்ற தொகை லீகின் ஒளிபரப்பு வருமானத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் நகரும் என்று விதியிலேயே எழுதுங்கள். முழு மடங்கு மட்டுமா, பகுதியும் எண்ணப்படுமா என்பதை ஓர் உதாரணக் கணக்கோடு வெளியிடுங்கள்.

சீசன் நடக்கும்போதே கண்காணிப்பு, அப்போதே தண்டனை என்று அறிவித்திருக்கிறீர்கள். நாங்கள் கேட்பதும் அதுதான். ஆனால் சீசன் நடுவில் போடும் கணக்கில் வருமானத்தின் ஒரு பகுதி மதிப்பீடுதான். இறுதி அட்டவணையில் ஓர் இடம் கீழே போனால் ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு பரிசுத்தொகை குறைகிறது. ஒரு கிளப் 12ஆம் இடத்தை எதிர்பார்த்து வருமானத்தைக் காட்டுகிறது, 8 புள்ளி குறைக்கிறீர்கள், அது 16ஆம் இடத்துக்குச் சரிகிறது, வருமானம் 1.2 கோடி குறைகிறது. விகிதம் மறுபடி ஏறுகிறது. தண்டனையே புதிய மீறலை உண்டாக்கிவிடும். ஆகவே, புள்ளி குறைப்பதற்கு முன்னிருந்த இடத்தின் பரிசுத்தொகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள். மதிப்பீட்டுக்கும் இறுதிக் கணக்குக்கும் வரும் வித்தியாசத்தை அடுத்த ஆண்டின் சலுகை இருப்பில் கழியுங்கள். முடிந்துபோன அட்டவணையையோ அடுத்த அட்டவணையையோ தொடாதீர்கள். வேண்டுமென்றே பொய் மதிப்பீடு கொடுத்தவருக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது.

மேல்முறையீட்டுக் கால அட்டவணையிலும் ஒரு திருத்தம் வேண்டும். எவர்டனின் இரண்டாவது வழக்கில் மேல்முறையீடு முடிய வேண்டிய கடைசி நாள் 2024 மே 24. லீகின் கடைசி ஆட்டங்கள் மே 19. அதாவது, தரமிறங்கியது யார் என்பதைக் களம் முடிந்து ஐந்து நாள் கழித்து ஓர் அறையில் தீர்மானிக்கும் வாய்ப்பை விதியே விட்டுவைத்திருந்தது. எவர்டன் முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போய் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றதால் நீங்கள் தப்பினீர்கள். கடைசி நான்கு சுற்றுகளுக்கு முன் எல்லாம் முடிய வேண்டும். அதற்கு மேல்முறையீட்டுக் குழுவை சீசன் தொடக்கத்திலேயே நியமித்து, அவர்களின் நாட்களை ஒதுக்கி வைக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு ஆள் தேடினால் நடக்காது. இத்தாலியில் 2023 ஜனவரியில் யுவென்டஸ் கிளப்பின் 15 புள்ளியை எடுத்தார்கள், ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள், மே 22இல் மறுபடி 10ஐ எடுத்தார்கள். அந்த நான்கு மாதமும் அட்டவணைக்கு அர்த்தமே இல்லாமல் போனது.

பல ஆண்டுக் கணக்கை மறைத்ததாக எழும் குற்றச்சாட்டுகளுக்கு இந்தக் கால வரம்பு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நீங்கள் சுமத்திய, அந்தக் கிளப் மறுத்துள்ள குற்றச்சாட்டுகள் 2009 வரை பின்னால் போகின்றன. அவற்றுக்குத் தனி நடைமுறை இருக்கட்டும். காட்டிய கணக்கிலேயே மிகை தெரியும் சாதாரண வழக்குகளை அவ்வளவு மெதுவாக நடத்த வேண்டியதில்லை.

கடைசியாக, வீரர் விற்பனை லாபம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடிக்கு வாங்கிய வீரரை இரண்டு ஆண்டு கழித்து 4 கோடிக்கு விற்றால், புத்தக மதிப்பு 3 கோடி போக லாபம் 1 கோடிதான். சொந்த அகாடமியில் வளர்ந்தவரின் புத்தக மதிப்பு சுழியம்; விற்ற தொகை முழுதும் லாபம். கணக்கு ஆண்டு முடியும் 2024 ஜூன் 30 நெருங்கிய வாரத்தில் நியூகாசில் தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்குக் கொடுத்து, அங்கிருந்து கோல்கீப்பர் விளாகோடிமோஸை வாங்கியது. எவர்டனும் ஆஸ்டன் வில்லாவும் இளம் வீரர்களை மாற்றிக்கொண்டன. செல்சி ஹோட்டல்களைத் தன் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்றுக் காட்டிய வழி புதிய அளவுகோலில் அடைபடுகிறது. வீரர்களை விற்றுக் காட்டும் வழி திறந்தே இருக்கிறது. ஒரே டிரான்ஸ்ஃபர் காலத்தில் இரண்டு கிளப்புகள் தமக்குள் வாங்கவும் விற்கவும் செய்தால், இரண்டு ஒப்பந்தங்களையும் ஒன்றாகச் சேர்த்து நியாய விலை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். உரிமையாளரோடு தொடர்புள்ள ஸ்பான்சர் ஒப்பந்தங்களுக்கு இந்த மதிப்பீட்டை ஏற்கெனவே செய்கிறீர்கள். அதற்கான ஆட்களும் நடைமுறையும் உங்களிடம் தயாராக இருக்கின்றன.

இந்தத் திருத்தங்களுக்கு 14 வாக்குகள் போதும். முதல் வழக்கு வருவதற்கு முன்பே அவற்றை வாக்கெடுப்புக்கு வையுங்கள். வழக்கு வந்த பிறகு, எந்தக் கிளப் எந்தப் பக்கம் வாக்களிக்கும் என்பதை அன்றைய அட்டவணைதான் சொல்லும்.

இப்படிக்கு,
கிளப் கணக்கறிக்கைகளைப் படித்துவரும் தமிழ்க் கால்பந்து ரசிகர்கள்