அவளிடம் ஏன் சொல்லவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரம் முன்பு வந்த கட்டுரையையும், அதற்குப் போன வாரம் ஒரு வாசகர் எழுதிய பதிலையும் படித்தேன். மந்திர உலகக் காதல் நாவல்களில் வரும் அடக்கியாளும் நாயகர்களைப் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள், பெற்றோர் அவர்கள் பையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். கதைதானே, விடுங்கள் என்கிறார் வாசகர். இரண்டு பேரும் அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். உறையூரில் 28 வருஷமாக லெண்டிங் லைப்ரரி நடத்துகிறேன். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, பத்து நாள் கெடு. பக்கத்தை மடித்தாலோ, பென்சிலால் கிறுக்கினாலோ அபராதம் உண்டு.

அந்தக் கிறுக்கலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். சாரா ஜே. மாஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்’ 2021-ல் வந்தது. எழுநூறு பக்கத்துக்கு மேல், செங்கல் மாதிரி இருக்கும். என் கடைப் பிரதி போன மாதம் திரும்பி வந்தபோது நடுவில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் “அடப்பாவி” என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், “பாவம், அவன் பயந்துட்டான்.” அதற்கும் கீழே மூன்றாவதாக ஒருத்தி, கொஞ்சம் அழுத்தியே எழுதியிருந்தாள்: “பயந்தா அவகிட்டதானே சொல்லணும்?” ரப்பரைக் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

சண்டை எதற்கென்று சொல்கிறேன். 2015-ல் தொடங்கிய நாவல் வரிசை இது. ஃபேரா என்ற ஏழைப் பெண், சாகாவரம் பெற்ற மந்திர இனத்தாரின் நாட்டுக்குப் போய்ச் சேர்கிறாள். முதல் புத்தகத்தில் அவள் காதலிப்பது டாம்லின் என்ற பிரபுவை. இரண்டாவது புத்தகத்தில் அதே டாம்லின், வெளியே ஆபத்து என்று சொல்லி அவளை மாளிகைக்குள் வைத்து மந்திரத்தால் அடைத்துவிட்டுப் போகிறான். அவள் உள்ளேயே நொறுங்கிப்போகிறாள். அங்கிருந்து அவளை மீட்பது ரீசாண்டின் ஆட்கள். முதல் புத்தகத்தில் வில்லன் போல வந்தவன்தான் இந்த ரீசாண்ட். அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறான், எதையும் உன் விருப்பம் என்கிறான், கடைசியில் தனக்குச் சமமான அரசி என்று பட்டமே கட்டுகிறான். கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் போனில் அவன் படம்தான்.

அந்த ரீசாண்ட் 2021 புத்தகத்தில் என்ன செய்கிறான் தெரியுமா? ஃபேரா கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தைக்குச் சிறகு. பிரசவத்தில் அந்தச் சிறகு சிக்கும், தாய் பிழைப்பது சந்தேகம். இது மருத்துவச்சிக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், கூட இருக்கும் நண்பர்களுக்கும் தெரியும். ஃபேராவுக்கு மட்டும் தெரியாது. வழி கண்டுபிடிக்கும்வரை யாரும் அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று அவன் உத்தரவு. அவள் அக்கா நெஸ்டா ஒருநாள் கோபத்தில் போட்டு உடைத்துவிடுகிறாள். உடனே ரீசாண்ட் தன் நண்பனிடம், இவளை ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று குதிக்கிறான்.

என் கடையில் இதற்காக ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, இன்ஜினியரிங் படிக்கும் பெண் ஒருத்தி. இன்ஜினியரிங் பெண் ரீசாண்ட் கட்சி. “ஆன்ட்டி, அவ செத்தா அவனும் செத்துடுவான், அப்படி ஒரு சத்தியம் பண்ணியிருக்காங்க. தீர்வு இல்லாம போய்ச் சொல்லி அவளை எதுக்கு அழ வைக்கணும்? டாம்லின் அடைச்சு வெச்சான், இவன் காப்பாத்தப் பார்க்கறான். ரெண்டும் ஒண்ணா?” நர்சிங் பெண் விடவில்லை. “டாம்லினும் காப்பாத்தறேன்னுதானே சொன்னான்? உடம்பு யாருது? அவளுக்கு உருவம் மாத்தற வித்தையே தெரியும். முதல்லயே சொல்லியிருந்தா அவளே எதாவது யோசிச்சிருப்பா.” அப்புறம் பேச்சு நெஸ்டாவுக்குத் தாவியது. அவள் குடித்துச் சீரழிகிறாள் என்று ஃபேராவும் மற்றவர்களும் சேர்ந்து அவளை ஒரு மலை மாளிகையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். வேண்டுமானால் இறங்கிப் போகலாம், பத்தாயிரம் படி. ஒருகாலத்தில் அடைபட்டுக் கிடந்தவளே தங்கையாக இருந்து அக்காவை அடைக்கச் சம்மதித்தது எப்படி என்று இரண்டு பேருக்கும் ஒரே கோபம். அந்த ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கட்டுரையாளர் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் பையைச் சோதிக்கச் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பெண்களுக்கு அவர் சொன்னதெல்லாம் தெரியும், அதற்கு மேலும் தெரியும். இது புதுச் சண்டையும் இல்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் எங்களுக்கு 1740-ல் வந்த ‘பமேலா’ நாவல் பாடம். வேலைக்காரப் பெண்ணை எஜமான் தன் பண்ணை வீட்டில் சிறைவைக்கிறான். கடைசியில் அவனையே அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். இங்கிலாந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. அடுத்த வருஷமே ஹென்றி ஃபீல்டிங் என்ற எழுத்தாளர் அதைக் கேலி செய்து ஒரு புத்தகம் போட்டார். நம் மாத நாவல்களில் கையை முறுக்கி, கட்டாயத் தாலி கட்டிய நாயகர்கள் எத்தனை பேர்! அவற்றைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்காமார்களும் என் மேஜையைத் தட்டித் தட்டித்தான் பேசினார்கள், கிறுக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதைதானே என்ற வாசகருக்கு என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் 14 வயதில் ‘ட்வைலைட்’ என்ற காதல் நாவல் வரிசைக்குப் பைத்தியம், அதன் நாயகன் எட்வர்ட் கட்சி. அந்த எட்வர்ட் 1918-லேயே செத்திருக்க வேண்டியவன், ரத்தக்காட்டேரியாக மாறி 17 வயதிலேயே நின்றுவிட்டவன். நாயகி பெல்லா தூங்கும்போது அவள் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டே இருப்பான். மூன்றாவது புத்தகத்தில், அவள் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாதென்று அவள் டிரக் இன்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். நான் அப்போதே கேட்டேன், இதென்னடி அக்கிரமம் என்று. “அக்கறைம்மா, உனக்குப் புரியாது” என்றாள். 2020-ல் அதே கதையை எட்வர்டே சொல்வது போல அதன் ஆசிரியர் ஸ்டெஃபனி மேயர் எழுதினார். அதில் அவன் நுழையும்போது அவள் அறை ஜன்னல் கிறீச்சிடுகிறது, அடுத்த தடவை எண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். என் மகள் ஊரடங்கில் வீட்டில் இருந்தாள், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தாள். “அம்மா, எண்ணெய் வேற கொண்டு வரணுமாம்!” என் பேச்சால் வராத தெளிவு அது.

ஆனால் ஃபேராவின் கதையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் என் மகள் பிறந்த கதைதான்.

1994. எனக்கு ஆறாம் மாதம். ஸ்கேன் எடுத்துவிட்டு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என் கணவரையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்தவர், “ஒண்ணுமில்லை, ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க” என்றார். அன்றிலிருந்து வீட்டில் கெடுபிடி. மாடிக்குத் துணி காயப்போடப் போகக்கூடாது. குடத்தைத் தொடக்கூடாது. புதுக்கோட்டையில் என் சித்தப்பா மகள் கல்யாணம், அதற்கும் போகக்கூடாது. என் கணவர் குரல் உயர்த்தித் திட்டியவர் இல்லை. தினமும் சாயங்காலம் திராட்சை வாங்கி வருவார். இவ்வளவு நல்ல மனுஷன் ஏன் இப்படி ஆகிவிட்டார் என்று ராத்திரியில் அழுவேன்.

ஏழாம் மாதத்தில் இரண்டு தடவை உள்பாவாடையில் கறை பார்த்தேன். சொன்னால் இன்னும் என்னென்ன தடை போடுவார்களோ என்று நானே அலசிப் போட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் நான் சமையலறையில் கத்திக்கொண்டிருந்தேன். என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “நச்சுக்கொடி கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை அடைச்சிட்டிருக்காம், ரத்தம் பட்டா உடனே தூக்கிட்டு வரணும்னு சொல்லியிருக்காங்க, உனக்குக் கல்யாணம் கேக்குதா?” என்று எரிந்து விழுந்தாள். அக்கறையில் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொன்னாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “ரத்தம் பட்டுச்சு” என்றேன். “எப்போ?” என்றாள். “ரெண்டு தடவை.”

ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். படுக்க வைத்தே நாளைத் தள்ளினார்கள். 35 நாள் முன்னதாக ஆபரேஷனில் பிறந்தாள், 2 கிலோ 100 கிராம். என் மாமியார் அன்று சாயங்காலமே என் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, மாசமா இருக்கிறவகிட்ட இப்படியா போட்டு உடைப்பே என்று ஏசினாராம். வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் கோபம், என்னைத் தவிர.

என் கணவரிடம் கேட்டேன். “நீ பயந்துடுவேன்னுதான்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அந்தப் பென்சில் எழுத்து என்னைப் பிடித்துக்கொண்டது. டாம்லின் கதவை அடைத்தான், சரி, அடைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, உடைக்க நினைத்தாள். ரீசாண்ட் எந்தக் கதவையும் அடைக்கவில்லை. அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமல், சிரித்துக்கொண்டு வளைய வருகிறாள். எனக்கு இரண்டாவதுதான் மோசம். இன்ஜினியரிங் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆனா ஆன்ட்டி, அங்கிள் நல்லவர்தானே?” என்றாள். நல்லவர்தான். இன்றைக்கும் கடை ஷட்டரை அவர்தான் வந்து இறக்குகிறார்.

நர்சிங் பெண்ணிடம் ஒன்று கேட்டேன், இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் எப்படி, பெண்டாட்டியிடம் நேரே சொல்கிறார்களா என்று. “எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தர்றாங்க. ஆனா வார்டுல, அவகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்னு கையைப் பிடிச்சுக்கறவங்கதான் ஜாஸ்தி” என்றாள்.

அந்தப் புத்தகத்தை நேற்று இன்னொரு பெண் கேட்டாள். கொடுக்கும் முன்பு அந்தப் பக்கத்தை எடுத்து, மூன்று கையெழுத்துக்கும் கீழே நானும் பென்சிலால் ஒரு வரி எழுதினேன்: “நெஸ்டாவுக்கு யாராவது நன்றி சொன்னீர்களா?” அபராதம் பத்து ரூபாயை நானே டப்பாவில் போட்டுவிட்டேன்.

பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
லெண்டிங் லைப்ரரி நடத்தும் ஒரு வாசகி,
உறையூர், திருச்சி.