பேய்க்கவிதைக்கு ஒத்தாசை பண்ணவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம், பர்மாவுல மோல்மீன்ல இருந்து எழுதுறேன். நம்ம பேய்க்கவிதை நோட்டு ஒருவழியா ஜெராக்ஸ் போட்டு பைண்டிங் ஆகி வந்துடுச்சு. எல்லாம் நாலு வரி அஞ்சு வரிதான், அதனால ஒரே மூச்சுல எழுதிட்டேன்னு சில பேர் நெனைக்கறாங்க, கிடையவே கிடையாது, இதுல பாதிக்கு மேல மத்தவங்க வாயில இருந்து வந்த கதை, அதான் எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லிடறேன். பேரு போடாதன்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால முறை மட்டும்.

மொதல்ல பக்கத்து வீட்டு டோடோ (பர்மீஸ்ல அத்தைன்னு கூப்பிடற மாதிரி). பர்மாக்காரங்க வீட்ல செவப்புத் துணி கட்டின தேங்காய் தொங்குமே, சின்னப்புள்ளைல இருந்து பாக்கறோம், அது யாருக்குன்னு நம்மள்ல எத்தன பேர் கேட்டிருக்கோம்? டோடோதான் உக்கார வச்சு சொன்னாங்க. தகவுங் ஊர்ல ஒரு கொல்லன், பயங்கர பலசாலி, இவனால நமக்கு ஆபத்துன்னு ராஜா பயந்துபோய் அவன் தங்கச்சியவே கட்டிக்கிட்டு, மச்சானுக்குப் பதவி தர்றேன்னு ஆசை காட்டிக் கூப்பிட்டு சம்பக மரத்துல கட்டி எரிச்சுட்டான், தங்கச்சியும் அதே நெருப்புல விழுந்துட்டா. அப்புறம் ரெண்டு பேரும் அந்த மரத்துலயே குடியிருந்து, நெழலுக்கு ஒதுங்கினவங்கள எல்லாம் அடிச்சுக் கொன்னாங்களாம். மரத்த வேரோட புடுங்கி ஐராவதியில விட்டா அது மெதந்து பாகன்ல போய் ஒதுங்குது, கடைசில போப்பா மலைல ரெண்டு பேருக்கும் எடம் குடுத்துட்டாங்க. அந்தக் கொல்லன்தான் மகாகிரி நாட், நாட்னா பர்மாக்காரங்க கும்புடற ஆவி. வெந்த ஒடம்புக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான் தேங்காயாம். அன்னிக்கே எழுதினது:

சம்பகத்தில் கட்டி எரித்தார்கள்.
அந்த நிழலில்
தூங்க வந்தவனே,
நீ யார் வீட்டுப் பிள்ளை?

இத வாசிச்சுக் காட்டினப்ப எங்க அப்பாயி வெத்தலைய மென்னுக்கிட்டே "நம்ம மதுரை வீரன் கதை மாதிரில்ல இருக்கு, மாறுகால் மாறுகை வாங்கிப்புட்டு அப்பறம் கோயில் கட்னாங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் நோட்டு மொத்தமும் திரும்புச்சு. கோரப்பல்லு, ரத்தம்னு எழுதி வச்சிருந்ததுல நெறைய எடுத்துட்டேன், கொன்னவன் யாரு, அப்புறம் ஏன் கும்புடறான், அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அப்பாயிக்கு நன்றின்னு சொன்னா திட்டுவாங்க, பரவால்ல.

பிலூ தீவு மாமாவுக்கும் நன்றி. அந்தத் தீவுக்கு 2017ல பாலம் வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி படகுதான், படகுல கேட்ட கதையே தனின்னு மாமா இன்னிக்கும் பொலம்புவாரு (பாலத்துல மொத ஆளா பைக் ஓட்டணும்னு நின்னவரும் அவருதான்). பிலூன்னா மனுசன திங்கிற அரக்கன், கண்ணு செவப்பு, நெழல் விழாது.

பாலத்தில் ஒரே கூட்டம்.
குனிந்து குனிந்து பார்க்கிறேன்,
எல்லார் காலடியிலும்
நிழல் இருக்கிறதா என்று.

கோயில்ல தமிழ் க்ளாஸ் எடுக்கற டீச்சர் இல்லேன்னா இது வெளியவே வந்திருக்காது. பேயப் பத்தியெல்லாம் கோயில்ல வாசிக்கலாமான்னு ஒரு பெரியவர் மொகத்த சுளிச்சப்ப, காரைக்கால் அம்மையாரே தன்னைக் காரைக்கால் பேய்னுதான பாடுனாங்கன்னு ஒரே போடு போட்டாங்க, அவரு சிரிச்சுட்டாரு. எழுத்துப்பிழை பாத்ததும் டீச்சர்தான். ழகரம் ளகரம் எனக்கு இன்னும் தகராறு.

படம் வரஞ்ச தங்கச்சிக்கு, போன்ல தமிழ் கீபோர்டு போட்டுக் குடுத்த கடைத் தம்பிக்கு, கரண்ட் இல்லாத நேரத்துல ஜெனரேட்டர் ஓட்டி காப்பி எடுத்துத் தந்த அண்ணனுக்கு, எல்லாருக்கும் நன்றிங்க. தங்கச்சி பிலூவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கா, கேட்டா அவரு வயசானவராம்.

நோட்டு வேணுங்கறவங்க வெள்ளிக்கிழம பூஜை முடிஞ்சதும் டீச்சர்கிட்ட வாங்கிக்கலாம், காசு வேணாம். முனி கதை, காட்டேரி கதை வீட்ல யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, நானே வந்து கேக்கறேன், ஆனா பகல்ல.