மரத்தில் ரம்பம் வைப்பவருக்குத் தொழில் தெரியுமா என்று பார்த்து வேலை கொடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மரம் ஏறிக் கிளை கழிக்கும் தொழிலாளி,
23 ஆண்டு அனுபவம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பொது இடத்து மரங்களைக் கழித்துப் பராமரிக்கும் வேலையைக் குறைந்த தொகை கேட்பவருக்கு என்று மட்டும் பார்க்காமல், தொழில் தெரிந்தவரா என்று சோதித்துக் கொடுக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 23 வருடங்களாக மரம் ஏறிக் கிளை கழிக்கும் வேலை பார்ப்பவன். என் குடும்பம் நடப்பது இந்த வேலையில்தான். மழைக்காலம் நெருங்கும்போது சாலையோரத்திலும் பூங்காவிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கும் மரங்களைக் கழித்துவிட ஒப்பந்தம் விடுகிறீர்கள். அதற்கான படிவத்தை இந்த முறையும் வாங்கிப் படித்தேன். எத்தனை ரம்பம் இருக்கிறது, எத்தனை ஆட்கள், வண்டி உண்டா, ஒரு மரத்துக்கு எவ்வளவு கேட்கிறீர்கள் என்று எல்லாம் கேட்டிருக்கிறது. கிளையை எந்த இடத்தில் வெட்டுவீர்கள், ஏன் அந்த இடத்தில் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியையும் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மனு. ஒப்பந்தம் கிடைக்காத வருத்தத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். நான் இந்த முறை விண்ணப்பிக்கவே இல்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருடம், கிளையைத் தண்டோடு ஒட்டி மட்டமாக அறுத்துவிடுவதுதான் சுத்தமான வேலை என்று நம்பினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியும் கையால் தடவினால் மேடு தட்டக்கூடாது என்பார். வெட்டிய இடத்தில் தார் பூசினால் வேலை முடிந்தது. அப்படி நான் கழித்த ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு பள்ளியின் வாசலருகே நின்றது. 12 வருடம் கழித்து ஒரு விடுமுறை நாள் இரவில், காற்றுக்குப் பாதி மரம் முறிந்து விழுந்தது. பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைக்கிறேன். விழுந்ததை அப்புறப்படுத்தவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

தண்டைத் துண்டு போட்டபோதுதான் உள்ளே பார்த்தேன். நடுவில் கையால் அள்ளினால் தூளாக உதிரும் உளுப்பு. அதைச் சுற்றி ஏழெட்டு விரல் கனத்துக்குக் கெட்டியான புது மரம். இரண்டுக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுத்ததுபோல் கறுத்த ஒரு வளையம். நான் வெட்டிய அன்று அந்தத் தண்டு எவ்வளவு பருமன் இருந்ததோ, அந்த அளவு முழுக்க உளுத்திருந்தது. அதற்குப் பிறகு வளர்ந்தது மட்டும்தான் நன்றாக இருந்தது. நான் வெட்டிய பக்கத்தில் அந்தப் புது மரமும் கூடிச் சேரவில்லை, வாய் திறந்தே கிடந்தது. நான் பூசிய தார் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். நம் உடம்பில் புண் ஆறுவதுபோல் மரத்தில் ஆறுவதில்லை. கெட்டுப்போன இடம் கெட்டதுதான். மரம் அந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. 1977-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை இதை விளக்கியது. மொத்தம் நாலு சுவர். அவற்றில் மிகக் கெட்டியானது, காயம் படும்போது இருந்த மரத்துக்கும் அதற்குப் பிறகு வளரும் மரத்துக்கும் நடுவே எழும்புவது. நான் பார்த்த கறுத்த வளையம் அதுதான். தாரும் பெயின்டும் உளுப்பைத் தடுக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வுகள்தான் காட்டின.

கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அடிப்பக்கம் சட்டைக் கழுத்துப் பட்டைபோல் லேசான ஒரு புடைப்பு தெரியும். நாங்கள் அதைக் கழுத்து என்போம். மேல்பக்கம் கவட்டையில் பட்டை நெருக்குண்டு ஒரு வரியாக மடிந்திருக்கும். அந்தக் கழுத்து தண்டைச் சேர்ந்தது. கிளை போனபின் சுவர் எழுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. மட்டமாக அறுக்கிறவர் கழுத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார், காயமும் பெரிதாகிவிடுகிறது. சரி, பயந்து தள்ளி வெட்டினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. மிஞ்சி நிற்கும் முளைக்கட்டை காய்ந்து, அதன் வழியாகவே அழுகல் இறங்கும். கழுத்தை விட்டு, அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். விரல் அகலத்தில் முடிகிற விஷயம் இது. அந்த இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த ரம்பம் இருந்தும் பயனில்லை.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கவே கூடாது. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொரு வெட்டு. பாரம் விழுந்துவிடும். மிச்சக் கட்டையைக் கையில் தாங்கிக்கொண்டு, கழுத்தை ஒட்டிக் கடைசி வெட்டு. அடி வெட்டு போடாமல் அவசரப்பட்டவர் கழித்த மரத்தில், தண்டின் பட்டை நாக்குபோலக் கிழிந்து தொங்குவதைப் பார்க்கலாம். நம் சாலைகளில் அப்படி எத்தனையோ மரம் நிற்கிறது.

அடுத்தது மொட்டையடிப்பது. புயலுக்கு முன்பு மொட்டையடித்துவிட்டால் பத்திரம் என்று குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள். சில சமயம் அலுவலக உத்தரவிலேயே அப்படி எழுதி வருகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடப்பது நேர்மாறானது. இலைதான் மரத்துக்குச் சமையலறை. அத்தனையையும் ஒரே நாளில் எடுத்தால், மரம் தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, கிடைத்த இடத்திலெல்லாம் அவசரமாகத் தளிர் விடும். அந்தத் தளிர்கள் பட்டைக்கு அடியில் மேலாக முளைத்தவை, மரத்தின் கெட்டியான நடுப்பகுதியான வைரத்தில் ஊன்றியவை அல்ல. மளமளவென்று வளர்ந்து சில வருடத்தில் பழைய உயரத்தைத் தொட்டுவிடும். கீழே வெட்டுப்பட்ட கட்டை அதற்குள் உளுத்திருக்கும். நிழலிலேயே இருந்த கிளைப் பட்டை திடீரென்று வெயில் பட்டு வெடிக்கும். ஆக, உறுதியான கொம்புகளை எடுத்துவிட்டு, பசை போட்டு ஒட்டியதுபோல் நிற்கும் கொம்புகளைத் தலைக்கு மேல் வளர்க்கிறோம். ஒரு வருடத்தில் மரத்தின் இலைகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு நெடுங்காலம் சொல்லிவந்த வழிகாட்டு நெறி. வயதான மரம், நோயில் இருக்கும் மரம் என்றால் அதைவிடக் குறைவு. மொட்டையடிக்கச் சொன்னால் காரணம் சொல்லி மறுப்பவரைத்தான் நான் தொழில்காரர் என்பேன். அன்றைய கூலி போனாலும் மறுப்பார்.

இன்னொரு அடையாளமும் உண்டு. தொழில்காரர் வந்ததும் ரம்பத்தை எடுக்க மாட்டார். மரத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். தூரில் காளான் பூத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, இரட்டைத் தண்டின் கவட்டைக்குள் பட்டை சிக்கிப் பிளவு தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். மரச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். உள்ளே நன்றாக இருந்தால் ஒரு சத்தம், பொந்து இருந்தால் வேறு சத்தம். அப்புறம் கீழே யார் நடக்கிறார்கள், என்ன நிற்கிறது என்று பார்ப்பார். முறிய வாய்ப்பு எவ்வளவு, முறிந்தால் யார் மேல் விழும், விழுந்தால் எவ்வளவு சேதம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும். பூங்காவின் ஆளில்லா மூலையில் நிற்கும் பொந்து மரமும் பேருந்து நிறுத்தத்தின் மேல் சாய்ந்த பொந்து மரமும் ஒன்றல்ல. பொந்து இருந்த காரணத்துக்காக மட்டும் சாய்த்துவிட்ட நல்ல மரங்களை நினைத்தால் இப்போதும் மனம் கேட்பதில்லை. உள்ளே காலியாக இருந்தாலும், சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனத்தைப் பொறுத்து அது இன்னும் நெடுங்காலம் நிற்கக்கூடும். அதை அளந்து சொல்லக் கருவிகளும் இருக்கின்றன. அந்தப் பொந்தில் பறவை குஞ்சு வைத்திருந்தால் தேதியைத் தள்ளி வைப்பதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான்.

வேரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்கள் அலுவலகத்தின் மற்றப் பிரிவுகளையும் தொடுகிறது. மரம் ஆணிவேரை ஆழத்தில் இறக்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் கிளையின் நிழலையும் தாண்டிப் போகின்றன. குழாய்க்கும் கேபிளுக்கும் தண்டை ஒட்டிப் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரை முழுக்க வெட்டிவிடுகிறார்கள். மரம் அன்றைக்கே விழாது. இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கிவிட்டுச் சாயும், அப்போது பள்ளம் தோண்டியது யாருக்கும் நினைவில் இருக்காது. தூர் வரை சிமென்ட் போட்டு மூடுவதும், அடி மண்ணை உயர்த்துவதும் இதே கதைதான். வேருக்கும் காற்று வேண்டும்.

ஆட்களின் உயிரைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். மேலே ரம்பம் பிடிக்கிறவர் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய ரம்பமே அவர் கயிற்றை அறுத்துவிடலாம். ரம்பத்தை ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடாது. கயிற்றை ஒவ்வொரு நாளும் விரலால் உருவிப் பார்க்க வேண்டும். உயிருள்ள மரத்தில் காலில் ஆணி கட்டி ஏறக்கூடாது, ஒவ்வொரு மிதியும் ஒரு காயம். சாய்க்கப்போகும் மரம் என்றால் வேறு விஷயம். மேலே ஒருவர் மயங்கினால் ஏறி இறக்கிக் கொண்டுவரத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். கம்பியில் மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது என்று போனில் சொன்னதை நம்பி ஏறிய ஒரு தோழரை நாங்கள் பறிகொடுத்திருக்கிறோம். அன்றிலிருந்து எழுத்தில் கைக்கு வராமல் நான் கம்பிக்குப் பக்கத்தில் ஏறுவதில்லை.

சான்றிதழ் கேட்டால் போதாதா என்று தோன்றலாம். 1924-ல் தொடங்கிய சர்வதேச மரவளர்ப்புச் சங்கம், 1992 முதல் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கிறது. தேர்வு எழுதவே வேலை அனுபவம் வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேற்கொண்டு படித்ததைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, அப்படிச் சான்று உள்ளவர் கிடைத்தால் அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் கட்டாயமாக்கினால், எழுத்துப் படிப்பு இல்லாமலே மரத்தை நன்றாக அறிந்த பலர் வெளியே நிற்க நேரும். அவர்களையும் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும், ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் கழித்த மூன்று மரங்களைக் காட்டச் சொல்லுங்கள். சரியான வெட்டின் தழும்பு, சுற்றிலும் ஒரே சீராக வட்ட வளையமாக மூடிக்கொண்டு வரும். மட்டமாக அறுத்தது இரு பக்கமும் மட்டும் தடித்து, மேலும் கீழும் மூடாமல், நீண்ட கண்போல் இருக்கும். தோட்டப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு அரை நாளில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். அப்புறம் விண்ணப்பித்தவரை ஒரு மரத்தின் முன் நிறுத்தி, எந்தக் கிளை, எந்த இடம், ஏன் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். எதை வெட்டாமல் விடுவீர்கள் என்றும் கேளுங்கள். இதில் தேறியவர்களுக்குள் மட்டும் தொகையை ஒப்பிடுங்கள். வேலை உத்தரவில் மொட்டையடித்தல் என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்தக் கிளை எதற்காக என்று எழுத ஏற்பாடு செய்யுங்கள். மரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டும் எந்தப் பிரிவும் தோட்டப் பிரிவின் எழுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். இப்போது வேலையில் இருக்கும் இளைஞர்களைத் தள்ளிவிட வேண்டாம், அவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்துங்கள். எனக்கும் யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை, அதனால்தான் ஆறு வருடம் தவறாக வெட்டினேன். பயிற்சிக்கு நான் கூலி இல்லாமல் வருகிறேன்.

தாங்கள் ஒரு காலை நேரம் ஒதுக்கினால், நான் தவறாகக் கழித்த மரம் ஒன்றும், பிறகு சரியாகக் கழித்த மரம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். ஏணி தேவைப்படாது. இரண்டு தழும்புகளும் கண் மட்டத்திலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மரம் கழிக்கும் தொழிலாளி.

இணைப்பு: வெட்டுத் தழும்புகளின் புகைப்படங்கள் 6.