மாமாவுக்கு ரேடியேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

ஜெயா,

உன் மெசேஜ் பார்த்தேன்டி. மாமாவுக்கு நாக்கோட அடிப்பகுதியில கேன்சர்னு படிச்சதும் எனக்கு கை கால் ஓடல, ஹாஸ்டலுக்கு முறுக்கு டின்னோட வந்து நிப்பாரே அந்த மனுஷன். உங்க அத்தை எப்படி இருக்காங்க, அவங்கதான் தனியா எல்லாத்தையும் பாக்குறாங்களா?

"ஆபரேஷன் இல்ல, ரேடியேஷனும் கீமோவும்தான், அப்போ பேச்சு சாப்பாடெல்லாம் பழையபடி இருக்கும்ல"ன்னு கேட்டிருக்க. இந்தக் கேள்விதான் ஆஸ்பத்திரியில தினமும் என்கிட்ட வர்றது. 1991ல அமெரிக்காவுல 332 பேர வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, முத்தின குரல்வளை கேன்சருக்கு குரல்வளைய எடுக்காம கீமோ ரேடியேஷன் குடுத்தாலும் ரெண்டு வருஷத்துல உயிரோட இருந்தவங்க கணக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்துச்சு, அந்த சிகிச்சை எடுத்தவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு குரல்வளையும் தப்பிச்சுது. பெரிய விஷயம்தான். ஆனா தப்பிச்ச தொண்டை சரியா வேலை செய்யுதா, ஒரு வாய் சாதம் இறங்குதான்னு ஆராய்ச்சிக்காரங்க அழுத்திக் கேக்க ஆரம்பிச்சது அதுக்கு ரொம்ப அப்புறம்தான்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

ரேடியேஷன்ல என்ன ஆகுதுன்னா, முழுங்குற தசையெல்லாம் வெந்து வீங்கி அப்புறம் நார் நாரா இறுகிடும், எச்சில் வத்திடும், வாய் திறக்குறது குறைஞ்சிடும். அதோட தொண்டையில உணர்ச்சியும் மங்கிடும், அதுதான்டி எனக்கு பயம். நமக்கெல்லாம் தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போனா புரை ஏறும், இருமித் தள்ளிடுவோம். இவங்கள்ல நெறைய பேருக்கு இருமலே வராது. போன மாசம் ஒரு பெரியவருக்கு பேரியம்னு எக்ஸ்ரேல தெரியுற மருந்தக் குடுத்து, அவர் முழுங்குறத ஸ்க்ரீன்ல பாத்துட்டிருந்தேன், மருந்து கருப்பா ஒரு கோடு மாதிரி மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குது, அவர் பாட்டுக்கு நிம்மதியா உக்காந்து "முடிஞ்சுதாம்மா?"ங்குறார். வீட்டுல எல்லாரும் அவர் நல்லா சாப்பிடுறார்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க, நிமோனியா திரும்பத் திரும்ப வந்ததுக்குக் காரணம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதனால சொல்றேன், மாமா ட்ரீட்மென்ட் நடக்கும்போதே வாயால முழுங்குறத விட்டுடக் கூடாது. டெக்சாஸ்ல ஒரு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரியில 497 பேர் ரெக்கார்டப் பாத்து 2013ல எழுதினாங்க, ரேடியேஷன் முழுக்க கொஞ்சமாவது வாயால சாப்பிட்டு, முழுங்குற பயிற்சியும் செஞ்சவங்கதான் பின்னாடி நல்லா சாப்பிட்டாங்க, வயித்துக்கு நேரா சாப்பாடு போற ட்யூபும் சீக்கிரம் எடுத்தாங்க. நோய் கம்மியா இருந்தவங்களாலதான் சாப்பிட முடிஞ்சுதோன்னு நீ கேக்கலாம், நியாயமான கேள்விதான், அத மட்டும் வச்சு முழு நிரூபணம்னு சொல்லிட முடியாது. ஆனா நான் கண்ணால பாக்குறதும் அதுவேதான். ரெண்டு மூணு வாரம் முழுங்காம விட்டா அந்தத் தசை சோம்பிப் போயிடும், கட்டுப் போட்டு எடுத்த கை மாதிரி, மறுபடி பழக்குறது பெரும்பாடு.

ட்யூப் வச்சா பயப்பட வேண்டாம், எடை குறையாம இருக்க அது தேவைப்படலாம். ட்யூப் இருந்தாலும், முழுங்குற பயிற்சி குடுக்குற ஸ்பீச் தெரபிஸ்ட் பாதுகாப்புன்னு சொன்னத, கூழோ ரசம் விட்டுக் கொழைய மசிச்ச சாதமோ, நாலு ஸ்பூனாவது வாயால போகணும், எதுவும் கூடாதுன்னா எச்சிலையாவது முழுங்கிப் பழகணும். நாக்கு நுனிய பல்லுக்கு நடுவுல லேசாப் பிடிச்சுக்கிட்டு வெறும் எச்சில முழுங்குறதுன்னு ஒரு பயிற்சி இருக்கு, அது மாதிரி நாலஞ்சு இருக்கு, ஆனா நேர்ல ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் பாத்துத்தான் எது அவருக்குன்னு சொல்லணும்.

இன்னொண்ணு, டாக்டர்கிட்ட முழுங்குற தசைக்கு ரேடியேஷன் டோஸ் குறைச்சு ப்ளான் போட முடியுமான்னு கேளு. பிரிட்டன், அயர்லாந்துல 112 பேர வச்சு செஞ்ச ஆய்வு 2023ல வந்துச்சு, அப்படி ப்ளான் போட்டவங்க ஒரு வருஷம் கழிச்சு முழுங்குறது நல்லா இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. கட்டி இருக்குற இடத்தப் பொறுத்துதான் முடியும், ஆனா கேக்குறதுல தப்பில்ல.

ஜெயா, இதுல யாரும் பேசாத ஒண்ணு இருக்கு. கேன்சர் போயிடுச்சுன்னு ரிப்போர்ட் வந்த அப்புறமும் நெறைய பேர் கல்யாண வீட்டுக்குப் போறதில்ல. பந்தியில ஒரு வாய்க்கு அஞ்சு நிமிஷம் ஆகும், பக்கத்துல இருக்குறவங்க பாப்பாங்க, தண்ணி குடிச்சு குடிச்சு முழுங்கணும். "நான் அப்புறம் சாப்பிடுறேன்"னு எழுந்துடுவாங்க. அத்தைகிட்ட இத இப்பவே சொல்லி வை, வீட்டுல அவரத் தனியா உக்கார வச்சு சாப்பாடு போடாதீங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் கூட யாராவது உக்காரணும்.

பல் டாக்டர்கிட்டயும் முன்னாடியே போயிடுங்க, எடுக்க வேண்டிய பல்ல ரேடியேஷனுக்கு முன்னாடியே எடுத்துடணும், அப்புறம் எடுத்தா தாடை எலும்பு ஆறாமப் போகலாம். 35 சிட்டிங்னு எழுதியிருந்த, ஏழு வாரம் ஆகும், நாலாவது வாரத்துலேர்ந்து வலி அதிகமாகும், சாப்பிடுறதுக்கு முன்னாடி வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கங்க.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பொண்ணு ப்ளஸ் டூ, வீடே பரீட்சை ஹால் மாதிரி இருக்கு. ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடு, மாமாவையும் பக்கத்துல வச்சுக்கோ, அவர்கிட்ட நானே பேசுறேன்.

உன்
வசந்தி