போடோனியைத் தலைப்போடு நிறுத்திக்கொள், அம்மிணி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

பள்ளிக்கூடப் பொன்விழா மலருக்கு நீ அனுப்பிய மாதிரிப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். அட்டை அருமை. உள்பக்கம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. ஃபோனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஆங்கிலக் கட்டுரை எல்லாவற்றையும் போடோனி என்ற எழுத்துருவில், 10 பாயிண்டில் ஓட்டியிருக்கிறாய். எனக்கும் பிடித்த எழுத்துதான். பெரிய 'என்' (N) எழுத்தைப் பார்: இரண்டு பக்கத் தண்டும் மயிரிழை, நடுவில் சாய்ந்து இறங்கும் கோடு மட்டும் பட்டை. பெரிய 'ஐ'யில் (I) தண்டு பட்டை, மேலும் கீழும் நுனியில் குறுக்காக இருக்கிற சின்னக் கோடு, அதாவது செரிஃப், மயிரிழை. தண்டும் செரிஃபும் சேருகிற இடத்தில் வளைவே கிடையாது, வெட்டி ஒட்டினாற்போல நிற்கும். தலைப்பில் 40 பாயிண்டில் போட்டால் அதற்கு ஈடு இல்லை.

ஆனால் அதை வெட்டிய ஜாம்பாட்டிஸ்டா போடோனி, இத்தாலியில் பார்மா பிரபுவின் அச்சுக்கூடத்தை நடத்தியவர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழவழப்பான காகிதம், நல்ல மை, தாராளமான மார்ஜின் எல்லாம் அவர் கைக்கு வந்தன. நமக்கு விழாக் கமிட்டி ஒதுக்கியிருப்பது 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, மை உறிஞ்சுகிற சாதாரணக் காகிதம். அச்சுக்குப் பிளேட் போடும்போதே சில மயிரிழை அறுந்துவிடும். தப்பித்தது மை குடித்துத் தடிக்கும். ஒரே சொல்லில் ஒரு எழுத்துக்குக் கால் இருக்கும், பக்கத்து எழுத்துக்கு இருக்காது. தள்ளி வைத்துப் பார்த்தால் மூங்கில் படலாட்டத் தண்டுகள்தான் தெரியும். பின்னட்டையில் மெரூன் நிறத்துக்குள் வெள்ளையாக விட்டிருக்கிறாயே, அந்தச் சின்ன எழுத்துகள் இன்னும் மோசம். நாலு கலர் ஒரு துளி விலகினாலும் மயிரிழை அடைந்துபோகும்.

அதற்காகச் செரிஃபே இல்லாத ஏரியலுக்கு ஓடிவிடாதே. செஞ்சுரி ஸ்கூல்புக் என்ற எழுத்தைப் போட்டுப் பார். மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் என்ற அமெரிக்கர், 1920-ஐ ஒட்டி, பள்ளிப் பாடப்புத்தகத்துக்கென்றே வரைந்தது. செரிஃப் கெட்டியாக, தண்டோடு வளைந்து சேரும். மெல்லிய கோடும் ஒரேயடியாக மெல்லியதில்லை. ஆங்கிலச் சின்ன 'இ', 'ஏ' (e, a) எழுத்துகளின் உள் ஓட்டை நன்றாகத் திறந்திருக்கும், மை பரவினாலும் அடையாது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அச்சுப் புத்தகமாகத் தாக்கல் செய்கிற மனுக்களுக்கு இன்றும் செஞ்சுரி குடும்பத்து எழுத்துதான் விதி. மனுவை நாள் முழுக்க வாசிக்கிறவர்களுக்குக் கண் வலி தெரியும் போல.

"டைம்ஸே போட்டா என்னங்" என்று உன் சித்தப்பா கேட்பார். அந்த டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக வரைந்து 1932-ல் அச்சேறியது. பத்திரிகையின் குறுகிய பத்திக்குள் நிறைய அடைக்க வேண்டும் என்பதற்காக எழுத்தை நெருக்கியிருக்கிறார்கள். உன் பக்கமோ ஒரே அகலப் பத்தி. வரிக்கு எழுத்து கூடிப்போய், ஒரு வரி முடித்து அடுத்த வரியைப் பிடிப்பதற்குள் கண் தடுமாறும். இரண்டு பத்தியாகப் பிரிக்கிறாய் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தமிழ்ப் பக்கம் வேறு சங்கதி. நம் எழுத்துக்குச் செரிஃப் என்று ஒன்று கிடையாது. ஆனால் நான் கம்போஸிங் செய்த ஈய எழுத்தில் தடிப்பும் மெலிவும் இருந்தன. நீ எடுத்திருக்கிற தமிழ் எழுத்து முழுக்க ஒரே தடிமன். எதிர்ப்பக்கத்து ஆங்கிலத்தோடு அது சேராமல் தனியாக நிற்கிறது. 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்ற எழுத்தில், பெயரில்தான் செரிஃப், அந்தத் தடிப்பு மெலிவு இருக்கிறது, வைத்துப் பார். இரண்டு மொழிக்கும் ஒரே பாயிண்ட் என்று கம்ப்யூட்டர் சொல்வதை நம்பாதே. பிரிண்ட் எடுத்து, பக்கம் பக்கமாக வைத்துக் கண்ணால் சமப்படுத்து. வரி இடைவெளியும் தமிழுக்குக் கூடுதலாக வேண்டும். மேல் வரி 'கூ'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் சுழியும் மூன்றாம் பக்கத்தில் முட்டிக்கொண்டிருக்கின்றன.

பள்ளி தொடங்கியபோது அடித்த துண்டறிக்கையில் துதிக்கை வைத்த பழைய 'லை' இருக்கிறது, அதைப் புதிதாக அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், படமாகவே போடு. நம்ம ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே குடிஅரசில் மாற்றிக் காட்டிய எழுத்துக்கு அரசாணை வந்தது 1978-ல்தான். அதற்கு முந்தைய தாளில் பழைய வடிவம் இருப்பதுதான் முறை.

கடைசியாக நன்கொடைப் பட்டியல். அதை ஜார்ஜியா எழுத்தில் போட்டிருக்கிறாய். மேத்யூ கார்ட்டர் மைக்ரோசாஃப்டுக்காகத் திரையில் வாசிக்க வரைந்த எழுத்து அது, 1996-ல் வெளிவந்தது. மலரை வெப்சைட்டில் ஏற்றும்போது தாராளமாக வைத்துக்கொள். ஆனால் அதன் எண்கள் வரியில் ஏறி இறங்கும். 6-ம் 8-ம் நிமிரும், 3, 4, 5, 7, 9 கீழே தொங்கும், 0, 1, 2 குட்டையாக உட்காரும். 10,001 ரூபாய் கொடுத்த பெரியவர் தொகை குட்டையாகக் கிடக்கிறது, 800 கொடுத்தவருடைய 8 தலை தூக்கி நிற்கிறது. கமிட்டிப் பொருளாளர் பார்த்தால் என்னைத்தான் பிடிப்பார். அந்தப் பக்கத்தையும் செஞ்சுரிக்கு மாற்றி, தொகைகளை வலப்பக்கம் ஒட்டவைத்து, வியாழனுக்குள் அனுப்பிவிடு கண்ணு. வெள்ளிக்கிழமை பிளேட் போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா