பழைய காமிக்ஸின் புள்ளிகளை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய அமெரிக்க வண்ணக் காமிக்ஸ்களை மறுபதிப்பு செய்பவர்கள் கணினியில் வண்ணத்தை மாற்றி, வழவழப்புத் தாளில் அச்சிடுவது மிகுந்த வருத்தம் தருகிறது. அவற்றின் அழகே அச்சுமுறையில்தான் இருந்தது. சிவப்பு, மஞ்சள், நீல மை ஒவ்வொன்றும் நுண்புள்ளிகளாக 25, 50 சதவீத அடர்த்தியிலோ, முழுதாக 100 சதவீதத்திலோ விழும். மை விழாத நிலையையும் சேர்த்தால் மொத்தம் 64 நிறங்கள். நியூஸ்பிரிண்ட் எனும் செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் சற்றே பரவி ஒன்றோடொன்று இழையும். ஒரு நிறத்தின் அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். அதுவும் அழகுதான்! அதே நிறங்களை வெள்ளைவெளேர் தாளில் அப்படியே ஏற்றினால் கண் கூசுகிறது.

பழைய பிரதியை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். அதை மிகவும் குறைத்தால் அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரியும். பக்கத்தின் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியாது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தாளும் கிழிந்துகொண்டு வரும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கினால் கறை போகாது. மறுபதிப்புக்கு வெளிர்மஞ்சள் சாயல் கொண்ட, பளபளப்பில்லாத தாளே பொருத்தம்.

– காமிக்ஸ் வாசகர்